மாமல்லைக் கரையில் உளி நின்ற இடங்கள்

மாமல்லபுரம் என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவன மூன்று: கடற்கரைக் கோயில், ஐந்து இரதங்கள், அருச்சுனன் தவம் என வழங்கும் பெரும்பாறைச் சிற்பம். சுற்றுலாச் செல்லும் மாணவர் இம்மூன்றையும் கண்டு, நிழற்படம் எடுத்துக்கொண்டு, மாலைக்குள் ஊர் திரும்பிவிடுகின்றனர். அவை காணத்தக்கனவே. அவற்றின் பெருமையைக் குறைத்துக் கூற நான் வரவில்லை. 1984ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மாமல்லபுரத்துச் சின்னங்களை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்த்தது. உலகம் போற்றும் அவற்றிற்கு என் புகழுரை வேண்டுவதில்லை.

நான் இன்று பேச எடுத்துக்கொண்டது, கூட்டம் செல்லாத சில இடங்களைப் பற்றி. அவற்றுள் பலவற்றில் வேலை பாதியில் நின்றுபோயிருக்கிறது. அங்கே என்ன இருக்கிறது, முடியாத வேலையைப் போய்ப் பார்ப்பானேன் என்று சிலர் கேட்கலாம். முடிந்த சிற்பம் சிற்பியின் வெற்றியை மட்டுமே காட்டுகிறது. முடியாத சிற்பமோ அவன் வேலை செய்த முறையையே காட்டிவிடுகிறது. கற்கும் பருவத்தினருக்கு இரண்டாவதே பெரிய செல்வம் என்பது என் கருத்து.

முதலில் நிலத்தின் அமைப்பைப் பார்ப்போம். மாமல்லபுரம் அமைந்துள்ள கரை கிட்டத்தட்ட ஒரு தீவு. கிழக்கே வங்கக் கடல்; மேற்கே பக்கிங்காம் கால்வாய்; வடக்கே முட்டுக்காட்டுக் கழிமுகம்; தெற்கே பாலாறு கடலோடு கலக்கும் இடம். இடையிலே மணலும் சவுக்கும் பனையும் செறிந்த நீண்டதொரு நிலம். இக்காலத்துச் சாலை அமைவதற்கு முன்னர், இங்கு வர விரும்பியோர் கால்வாயில் படகேறியே வந்தனர். இந்நிலத்தின் கற்பாறைகள் யாவும் திறந்தவெளிக் கலைக்கூடம் என்னலாம். அதற்குக் கூரை வானமே.

இத்தீவினுள் புகுமுன், கால்வாய்க்கு அப்பால், செங்கற்பட்டு நகரை அடுத்துள்ள வல்லம் என்னும் சிற்றூருக்கு வாருங்கள். அங்கே ஒரு குன்றில் குடையப்பட்ட சிறு கோயில்கள் உள்ளன. தூண்கள் பருமனாக, அணி ஏதுமின்றி நிற்கின்றன. மாமல்லபுரத்தின் நுண்ணிய வேலைப்பாட்டை எதிர்பார்த்துச் செல்வோர் ஏமாற்றம் அடையக்கூடும். ஆனால் அங்குள்ள தமிழ்க் கல்வெட்டைப் படித்தவர் ஏமாறார். மகேந்திரவர்மப் பல்லவனின் விருதுப் பெயர்களைச் சொல்லி, அவனுக்கு அடியவனாகிய ஒரு சிற்றரசனின் மகன் கந்தசேனன் இத்தேவகுலத்தைச் செய்வித்தான் என்று அது கூறுகின்றது. பேரரசன் தொடங்கிய புதுமுறையை அவன் கீழிருந்தோரும் விரும்பி மேற்கொண்டனர் என்பதற்கு இது சான்று. அப்புதுமுறை யாது? விழுப்புரத்துப் பக்கம் மண்டகப்பட்டில் உள்ள மகேந்திரனின் கல்வெட்டு அதனைத் தெளிவாக்குகிறது. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய எதுவும் இன்றிக் கோயில் செய்வித்ததாக அவன் பெருமிதத்தோடு அங்கே பொறித்துள்ளான்.

இனி மாமல்லபுரத்திற்குச் செல்வோம். பேருந்து நிலையத்திலிருந்து எல்லோரும் கிழக்கு நோக்கியும் தெற்கு நோக்கியும் நடப்பர். நாம் மேற்கே கால்வாய்ப் பக்கம் நடப்போம். அங்கே பிடாரி இரதங்கள் இரண்டும், வலையன்குட்டை இரதம் ஒன்றும் தனித்து நிற்கின்றன. அருகிலிருந்த பிடாரி கோயிலும் குட்டையுமே இவற்றிற்குப் பெயர் தந்தன. செதுக்கியவன் இட்ட பெயரன்று. ஊர் மக்கள் இட்ட பெயர்.

இவற்றின் முன் நின்று மேலிருந்து கீழாகப் பாருங்கள். சிகரமும் மேல்தளங்களும் உருப்பெற்றுள்ளன; சிறு கூடுகளும் மாடங்களும் தெளிவாக உள்ளன. கீழே வரவர வேலை குறைகிறது. அடிப்பகுதி செதுக்கப்படாத பாறையாகவே நின்றுவிட்டது. கட்டடம் கட்டுவோன் அடித்தளமிட்டு மேலே ஏறுகிறான். பாறையைக் கோயிலாக்குவோனோ சிகரத்தில் தொடங்கிக் கீழே இறங்குகிறான். இதில் சிறந்ததோர் அறிவு அடங்கியிருக்கிறது. கீழே செதுக்காது விட்ட பாறையே அவனுக்கு நிற்கும் பரணாக உதவுகின்றது. மேலிருந்து விழும் கற்சில்லுகள் முடிந்த வேலையின் மீது விழுந்து அதைச் சிதைப்பதுமில்லை. இவ்வுண்மையை எந்த நூலும் இத்துணை எளிதில் விளக்கிவிட முடியாது. நான் அவ்விரதங்களின் நிழலில் நின்றபோது, ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவன் உளியைக் கீழே வைத்துவிட்டுச் சென்ற உயரம் இதுதான் என்று கையால் தொட்டறிய முடிந்தது.

குடைவரைகளிலும் இத்தகைய பாடம் உண்டு. வேலை முற்றுப்பெறாத மண்டபங்கள் சிலவற்றின் சுவரை உற்று நோக்கினால், பாறைமுகம் சதுரங்கக் கட்டங்களைப்போல் பகுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். கட்டங்களின் எல்லையில் ஆழமாகப் பள்ளம் வெட்டுவர், பிறகு இடையே எழுந்து நிற்கும் கல்லைத் தட்டி நீக்குவர், மறுபடியும் கட்டமிடுவர். இவ்வாறு அங்குலம் அங்குலமாக மலைக்குள் சென்றனர். இயந்திரமும் இல்லை, வெடிமருந்தும் இல்லை.

அருச்சுனன் தவச் சிற்பத்திற்குத் தெற்கே சிறிது தொலைவில், அதே காட்சியை மற்றொரு பாறையில் செதுக்கத் தொடங்கி முடியாமல் விட்டிருக்கின்றனர். சில உருவங்கள் கல்லிலிருந்து வெளிப்பட்டு நிற்கின்றன. சில பாதியளவு கல்லுக்குள்ளேயே மறைந்துள்ளன. இத்தாலி நாட்டுப் புளோரன்சு நகரத்தில் மைக்கேலாஞ்செலோ முடிக்காது விட்ட ‘கைதிகள்’ என்னும் சலவைக்கற் சிலைகள் நான்கு உள்ளன. கல்லுக்குள்ளிருந்து விடுபட முயலும் மனிதரைப்போல் காணப்படும் அவற்றைப் பார்க்க உலகெங்கிலுமிருந்து மக்கள் செல்கின்றனர். நம் பாறையின் எதிரே நிற்போர் மிகச் சிலரே.

இனி வடக்கே செல்வோம். வழியில் முகுந்தநாயனார் கோயில் என்னும் சிறிய கற்றளி உள்ளது. நெடுங்காலம் மணலில் புதைந்து கிடந்து, பின்னர் அகழ்ந்தெடுக்கப்பட்டது. தோற்றத்தில் தருமராச இரதத்தை ஒத்தது. ஆயினும் இது பாறையைக் குடைந்ததன்று, கல்லின்மேல் கல் அடுக்கிக் கட்டியது. காலையில் பிடாரி இரதத்தையும் பின்னர் இதனையும் கண்ட மாணவன், பல்லவர் கலை எவ்வாறு ஒரு முறையிலிருந்து மற்றொரு முறைக்கு மாறியது என்பதைத் தானே உணர்ந்துகொள்வான்.

அங்கிருந்து மேலும் வடக்கே சாளுவன்குப்பம். மாமல்லபுரத்திலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர். சவுக்குத் தோப்பும் புல்வெளியும் கடற்காற்றும் கூடிய அவ்விடம் உண்மையாகவே ஒரு சோலை. அங்குள்ள ‘புலிக்குகை’ குகையும் அன்று. அதில் உள்ளவை புலிகளும் அல்ல. பெரும்பாறை ஒன்றில் சிறு அறை குடைந்து, அதனைச் சுற்றி வளையமாகப் பதினொரு யாளித் தலைகளை அமைத்துள்ளனர். பக்கத்தில் அம்பாரி தாங்கிய இரண்டு யானைகளின் முகங்கள் பாறையில் தோன்றுகின்றன. அருகிலுள்ள பாறையில் ஒரு குதிரை பாதி செதுக்கப்பட்டு நிற்கிறது. அரசன் வீற்றிருந்து விழாக் கண்ட மேடை இது என்பாரும் உளர். உற்சவ மூர்த்தியை எழுந்தருளச் செய்த இடம் என்பாரும் உளர். சற்று அப்பால் அதிரணசண்டன் குடைவரை இருக்கிறது. அதன் கல்வெட்டு ஒருபுறம் பல்லவ கிரந்த எழுத்திலும், மறுபுறம் நாகரி எழுத்திலும் பொறிக்கப்பட்டுள்ளது. வெவ்வேறு நாட்டினரும் படித்தறிய வேண்டும் என்னும் எண்ணம் அதில் புலனாகிறது. முன்னே தனிக்கல் ஒன்றில் கொற்றவை எருமை அசுரனோடு பொரும் காட்சியைக் காணலாம்.

இதே சாளுவன்குப்பத்தில் கடலே ஒரு பாடம் கற்பித்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கிற்று. எண்ணற்ற குடும்பங்களைக் கலங்கவைத்த அவ்வலை, மணலை அரித்துச் சென்றபோது கல்வெட்டுப் பொறித்த பாறை ஒன்று வெளிப்பட்டது. அதனைத் தொடர்ந்து 2005ஆம் ஆண்டில் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது, வடக்கு நோக்கிய ஒரு முருகன் கோயில் கிடைத்தது. முன்னே கல்லாலான வேல் ஒன்றும் நின்றது. கோயிலின் அடிப்பகுதி செங்கல்லால் ஆனது. பல்லவர் காலத்திற்கும் முற்பட்டது அச்செங்கற்பகுதி என்பது அகழ்ந்தோர் கருத்து. மகேந்திரன் செங்கல் இன்றிக் கோயில் செய்வித்ததைப் பெருமையாகக் கூறினான் என்றேன் அல்லவா? அவனுக்கு முன் இருந்த செங்கற்கோயில் எத்தகையது என்பதை இங்கே கண்ணால் காண்கிறோம்.

தெற்குக் கோடியில் சதுரங்கப்பட்டினம் உள்ளது. உலாந்தாக்காரர், அஃதாவது டச்சுக்காரர், கட்டிய கோட்டை அங்கே சிதைந்து நிற்கிறது. கோட்டைக்குள்ளே அவர்தம் கல்லறைகள். கப்பலேறி வந்து இம்மண்ணில் உறங்குவோரின் பெயர்களும் குலச்சின்னங்களும் அக்கற்பலகைகளில் மிக நுட்பமாகச் செதுக்கப்பட்டுள்ளன.

இவையெல்லாம் பழங்கதை என்று எண்ணிவிடாதீர்கள். இக்கரையில் உளியின் ஓசை ஓயவில்லை. 1957ஆம் ஆண்டில் மாமல்லபுரத்தில் அரசினரின் சிற்பப் பயிற்சி நிலையம் தோன்றியது. அது வளர்ந்து கல்லூரியாயிற்று. அதன் தலைமைப் பொறுப்பில் இருந்த கணபதி தபதியாரே, 2000ஆம் ஆண்டின் முதல் நாளில் குமரிமுனையில் திறக்கப்பெற்ற 133 அடி வள்ளுவர் சிலையை உருவாக்கியவர். வடக்கே ஈஞ்சம்பாக்கத்தில், 1966ஆம் ஆண்டில் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவர்தம் மாணவர்களும் சோழமண்டலம் என்னும் கலைஞர் சிற்றூரை அமைத்தனர். கைத்தொழிலால் பொருள் ஈட்டிக்கொண்டு கலையை வளர்த்தவர்கள் அவர்கள். மரநிழலில் புதுக்காலச் சிற்பங்கள் நிற்கும் தோட்டம் அங்கே உண்டு.

மாணவர்களே, ஒன்று கூறி முடிக்கிறேன். கூட்டம் கூடும் இடத்திற்குக் காவல் உண்டு; வேலி உண்டு; விளக்கு உண்டு. யாரும் செல்லாத பாறைக்குப் பாதுகாப்பு நம்முடைய மதிப்பு ஒன்றே. தனித்து நின்ற சிற்பங்களின் மேல் ஆணியால் தம் பெயரைக் கீறிச் சென்றவர்களின் கைவேலையைக் கண்டு நான் வருந்தியதுண்டு. பல ஆண்டு உழைத்த சிற்பி தன் பெயரை அங்கே பெரிதாக எழுதி வைக்கவில்லை. ஒரு நாழிகை நின்றவன் எழுதலாமா? அடுத்த முறை மாமல்லபுரம் செல்லும்போது அரை நாளை இவ்விடங்களுக்கு ஒதுக்குங்கள். கையில் ஒரு குறிப்பேடும் பென்சிலும் கொண்டு செல்லுங்கள். உளி எங்கே நின்றது என்று தேடிப் பாருங்கள், கண்டதை வரைந்துகொள்ளுங்கள். தொட்ட கல்லைத் தொட்டபடியே விட்டு வாருங்கள். உங்களுக்குப் பின் வருவோருக்கும் அது பாடம் சொல்லவேண்டும்.