நாலு மணிக்கு மேல் பிள்ளை யார் பொறுப்பு?

வண்டியை விட்டு இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்திருக்கும் தாய்மார்களே, சுவர் ஓரமாக நிற்கும் அண்ணன்மார்களே!

எனக்கு முன்னால் பேசியவர்கள் கூலியைப் பற்றிப் பேசினார்கள், போனஸைப் பற்றிப் பேசினார்கள், பேரியம் நைட்ரேட்டுக்கும் சரவெடிக்கும் உச்ச நீதிமன்றம் போட்ட தடையைப் பற்றிப் பேசினார்கள். எல்லாம் பேச வேண்டியதுதான். நான் பேச வந்தது சாயங்காலம் நாலு மணியைப் பற்றி.

காலையில் வெடியாபீஸ் என்று நாம் சொல்லும் பட்டாசு ஆலைக் கேட்டில் உங்களிடம் முதலில் எதை வாங்கி வைக்கிறார்கள்? செல்போனை. வெடிமருந்து இருக்கிற இடத்தில் செல்போன் கூடாது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து திரும்ப வண்டி ஏறும்வரை உங்களை யாரும் கூப்பிட முடியாது. பிள்ளை வகுப்பில் காய்ச்சலோடு சுருண்டு கிடந்தாலும், டீச்சர் அடிக்கிற போன் வாட்ச்மேன் ரூமில் கிடக்கும். பள்ளிக்கூடம் நாலு மணி சுமாருக்கு விடுகிறது. ஆபீஸ் விட்டு, வண்டி ஒவ்வொரு ஊராக ஆளை இறக்கிவிட்டு வர ஆறரை, ஏழு. தீபாவளி நெருக்கத்தில் பேக்கிங் இருந்தால் இன்னும் பிந்தும்.

அந்த மூன்று மணி நேரம் பிள்ளை எங்கே இருக்கிறது? நம் ஊர்த் தெருக்களில் போய்ப் பாருங்கள். மூணாப்புப் படிக்கிற பிள்ளை கழுத்தில் கறுப்புக் கயிறு; அதில் ஒரு பக்கம் தாயத்து, ஒரு பக்கம் வீட்டுச் சாவி. பூட்டு உயரத்துக்கு எட்டாது. வாசலில் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் ஏறித் திறக்கும். உள்ளே போய்த் தம்பிக்குக் காலைச் சோற்றைப் போட்டுக் கொடுக்கும். அந்தப் பிள்ளைக்கு எட்டு வயசு.

ஒரு காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. பிள்ளையும் ஆபீஸுக்கே வந்துவிட்டதே! விடியுமுன்னே வண்டி ஊருக்குள் வந்து பிள்ளைகளை அள்ளிப் போகும். 1990-இல் வந்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படம் அதை ஊர் உலகத்துக்கெல்லாம் காட்டியது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பிள்ளையை வேலைக்கு வைத்த முதலாளி தலைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும். பிள்ளைக்குப் பதிலாக வீட்டுப் பெரியவர் ஒருவரின் வேலைக்கு அரசு வழி செய்ய வேண்டும், முடியாவிட்டால் 5,000 ரூபாய் போட வேண்டும். அந்தத் தீர்ப்பைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டியே வளர்ந்தவள் நான். அதன் அருமை எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்கிறேன்: பிள்ளை வெளியே வந்தது, தாய் உள்ளே போனாள். வெளியே வந்த பிள்ளையை யார் பார்ப்பது என்று எந்த அதிகாரி கேட்டார்?

சட்டம் இல்லையா என்பீர்கள். இருக்கிறது. 1948 தொழிற்சாலைச் சட்டம், 48-ஆம் பிரிவு: 30 பெண்களுக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. எந்தக் குழந்தைக்கு? ஆறு வயசுக்கு உட்பட்டதுக்கு. அதற்குப் பதிலாக 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அதே ஆறுதான். அங்கன்வாடிக்கும் ஆறுதான். ஆறு வயசு ஆனதும் பிள்ளை தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் என்று டெல்லியில் யாரோ முடிவு கட்டிவிட்டார்கள்! அந்த ஆறு வயசுக் காப்பகமாவது எத்தனை ஆபீஸில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். லைசென்ஸ் ஒருவர் பேரில், செட்டுகள் நாலு பேருக்கு உள்குத்தகை. ரிஜிஸ்டரில் அத்தனை பேர் எங்கிருந்து வருவார்கள்?

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். 2016-இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் பள்ளி விட்ட பிறகான நேரத்தைப் பற்றிப் பேச்சு வருகிறது. எதற்காக? பள்ளி விட்ட பிறகும் லீவு நாளிலும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை ஒத்தாசை செய்யலாம் என்று சொல்வதற்காக. வேலை செய்ய வழி வைத்தார்கள். விளையாட, படிக்க, ஒரு பெரிய ஆள் கண் பார்வையில் இருக்க வழி வைக்கவில்லை.

மதியச் சோற்றைக் கொண்டுவந்தவர் இந்த விருதுநகரில் பிறந்தவர். அதைச் சத்துணவாக விரித்தவர் எம்.ஜி.ஆர்., 1982 ஜூலை 1. காலை உணவு 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கியது. காலை உண்டு, மதியம் உண்டு. சாயங்காலம்? கட்டடம் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. நாலரைக்குக் கேட்டைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோய்விடுகிறோம். பிள்ளை அதே கேட்டில் தொங்கிக்கொண்டு ஆடுகிறது.

‘இல்லம் தேடிக் கல்வி’ இருந்ததே என்று ஒரு தம்பி கீழிருந்து கேட்கிறார். இருந்தது. 2021 அக்டோபர் 27, மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் தொடங்கியது. நல்ல திட்டம். நம் ஊர்ப் பெண்பிள்ளைகள் உயிரைக் கொடுத்து நடத்தினார்கள், மாசம் 1,000 ரூபாய்க்கு. ஆனால் அது கொரோனாவில் விட்டுப்போன பாடத்தைப் பிடிக்க வந்த திட்டம். நாளுக்கு ஒன்றரை மணி நேரம். போகப் போகச் சுருங்கிவிட்டது. டீச்சரம்மாவுக்குக் கல்யாணம் என்றால் மையம் இல்லை, பரீட்சை என்றால் மையம் இல்லை. ஆயிரம் ரூபாய் வாங்குகிற பிள்ளையைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் தாய்மார்களே, இதைக் கவனியுங்கள். வாரத்தில் நாலு நாள் திறந்து ஒரு நாள் சொல்லாமல் பூட்டுகிற மையம், மையமே இல்லாததைவிட மோசம். மையம் இல்லையென்றால் கிழவியையோ சித்தியையோ சொல்லி வைப்போம். மையத்தை நம்பிப் போன அன்றைக்குப் பூட்டிக் கிடந்தால், சேதி சொல்லக்கூட வழியில்லை. செல்போன் வாட்ச்மேன் ரூமில் அல்லவா இருக்கிறது!

நம்ப முடியாத தாய் என்ன செய்கிறாள்? ஆபீஸை விட்டுவிட்டு வீட்டு வேலைக்கு வருகிறாள். புரோக்கர் சரக்கை வாசலுக்கே கொண்டுவந்து போடுகிறான். “பிள்ளையையும் பார்த்துக்கலாம், நாலு காசும் பார்க்கலாம்க்கா” என்கிறான். வீட்டுக்குள் வெடி செய்வது குற்றம். போலீசுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். வெடித்துச் சுவர் சரிந்த பிறகு ஜீப் வருகிறது, வழக்குப் போடுகிறார்கள். அவள் ஏன் மருந்தை அடுப்படிக்குக் கொண்டுவந்தாள் என்று எஃப்.ஐ.ஆரில் எழுதுவதற்கு இடம் இல்லை. பேராசை என்று பேசிவிட்டுப் போகிறார்கள். பேராசையாம்!

“பொம்பளை வீட்டில் இருக்க வேண்டியதுதானே” என்று டீக்கடையில் பேசுகிற அண்ணன்மாருக்கு ஒரு வார்த்தை. இருக்கலாம். குழுக் கடனுக்கு இந்த வாரத் தவணையை நீங்கள் கட்டிவிடுங்கள்.

2024 நவம்பரில் முதலமைச்சர் இந்த மாவட்டத்துக்கு வந்தார். பட்டாசு விபத்தில் இறந்தவர்களின் பிள்ளைகளுக்கு உயர்கல்வி வரை படிப்புச் செலவை அரசே ஏற்கும் என்று அறிவித்தார். 2012-இல் முதலிப்பட்டி வெடி விபத்தில் உயிர்களைப் பறிகொடுத்ததை மறக்காத மாவட்டம் இது. அந்த அறிவிப்புக்கு நன்றி சொல்வோம். சொல்லிவிட்டுக் கேட்போம்: தாய் செத்தால் பிள்ளை அரசாங்கத்தின் பொறுப்பு; தாய் உயிரோடு மருந்து செலுத்திக்கொண்டிருக்கும்போது யார் பொறுப்பு?

நம் ஊரைக் குட்டி ஜப்பான் என்று நேரு சொன்னதாக மேடைக்கு மேடை பெருமை அடிக்கிறோம். பெரிய ஜப்பானில் 1997-இல் குழந்தைகள் நலச் சட்டத்தைத் திருத்தி, பள்ளி விட்ட பிறகு வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மையங்களைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். முதலில் பத்து வயசு வரை. 2015-லிருந்து ஆறாம் வகுப்பு வரை. அச்சு மெஷினை அங்கிருந்து பார்த்துப் பழக முடிகிற முதலாளிமார்களுக்கு இது மட்டும் கண்ணில் படவில்லையா?

நாம் கேட்பது இதுதான். ஊருக்கு ஒரு மையம், அதே பள்ளிக்கூடத்தில். மையத்துக்கு இரண்டு பெண்கள், ஒருத்திக்கு முடியாவிட்டால் இன்னொருத்தி திறக்க. தொண்டூதியம் என்று பேர் வைத்து ஏமாற்றாமல் ஒழுங்கான சம்பளம். சனிக்கிழமை உண்டு, சித்திரை லீவு உண்டு, ஐப்பசி நெருக்கத்தில் கட்டாயம் உண்டு. கடைசி வண்டி வந்து கடைசிப் பிள்ளை போகும்வரை விளக்கு அணையக் கூடாது. சாயங்காலம் ஒரு கை சுண்டல். ஆபீஸ் கேட்டில் ஒரு லேண்ட்லைன். மையத்திலிருந்து கூப்பிட்டால் ஃபோர்மேன் வந்து உங்களிடம் சொல்ல வேண்டும். பணம்? பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர்களுக்கென்றே நல வாரியம் இருக்கிறது. முதலாளிகள் பங்கு போடட்டும், அரசு பங்கு போடட்டும்.

மே 1 கிராம சபை வருகிறது. அன்றைக்கு லீவு, சாக்குச் சொல்ல முடியாது. தீர்மானப் புத்தகத்தில் இதை எழுதி, உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். எழுதாத பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வெம்பக்கோட்டைப் பக்கம் போகிற கடைசி வண்டி வந்துவிட்டதாகச் சீட்டு வந்திருக்கிறது. அந்த ஊர்த் தாய்மார்கள் முதலில் கிளம்புங்கள்.