சளியை அகற்றும் கருவிகள்
(திருத்தணியில் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வூர் மலைக்கோயிலுக்கு 365 படிகள் உள்ளன. ஆண்டின் நாள் ஒவ்வொன்றிற்கும் ஒரு படி என்பர். இளமையில் அவற்றை ஒரே மூச்சில் ஏறியவர், ஐம்பது வயதைக் கடந்தபின் பத்துப் படிக்கொரு முறை அமர்கிறார். சில ஆண்டுகளில் வண்டியில்தான் மேலே செல்கிறார். அதற்கும் பின் வீட்டுத் திண்ணையிலிருந்தே மலையை நோக்கிக் கைகூப்புகிறார். கேட்டால், "வயதாகிவிட்டது" என்பார். வயது மட்டுமே காரணமாயின் நான் இன்று பேசுவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் நம் சிற்றூர்களில் பலருக்கு உண்மைக் காரணம், மூச்சுக்குழாய்களில் நாள்தோறும் ஊறி, வெளியேறாமல் தேங்கி நிற்கும் சளியாகும்.

யாருக்கு இது நேர்கிறது? பீடி, சுருட்டுப் பிடிப்போருக்கு நேர்கிறது என்பதை யாவரும் அறிவர். பீடியைத் தொட்டே அறியாத நம் தாய்மார்களுக்கும் இது வருகிறது என்பதைப் பலர் அறியார். நாற்பது ஆண்டுகள் விறகடுப்பின் முன் அமர்ந்து ஊதியவருக்கு, அப்புகையே பீடியின் வேலையைச் செய்துவிடுகிறது. கல் உடைக்கும் இடங்களில் தூசியைச் சுவாசித்தோர் உளர். இன்னொரு கூட்டத்தாரும் உண்டு. காசநோய் கண்டு, மருந்துண்டு, முற்றும் குணமானவர்கள் அவர்கள். கிருமி ஒழிந்தது, ஆயினும் அது விட்டுச் சென்ற வடு ஒழியவில்லை. வடுப்பட்ட மூச்சுக்குழாய் நெகிழ்ந்து விரிந்து, சளி தங்கும் குழியாக மாறிவிடுகிறது. இதனை மூச்சுக்குழாய் விரிவு நோய் என்பர்.

நான் அறிந்த பெரியவர் ஒருவர் இவ்வாறு பல ஆண்டுகளாய் இருமிக் கொண்டிருந்தார். சளியைச் சோதித்ததில் கிருமி இல்லையென்று முடிவும் வந்துவிட்டது. எனினும், பழைய நோய் திரும்பிவிட்டதென்று அக்கம்பக்கத்தார் அஞ்சினர். அவரும் பேரக்குழந்தைகளை அண்டவிடாமல், மாட்டுக் கொட்டகையை ஒட்டிய தாழ்வாரத்தில் தனியே படுத்தார். பிறர் காண வெட்கி, வந்த சளியை விழுங்கினார். நோயைவிட அந்தத் தனிமையே அவரை அதிகம் வாட்டியது என்பது என் எண்ணம்.

உழவர்களாகிய உங்களுக்கு இதன் இயல்பை விளக்குவது எளிது. நுரையீரலின் குழாய்கள், பெரிய கால்வாயிலிருந்து கிளை வாய்க்கால் பிரிந்து வயலுக்குச் செல்வதுபோல் பிரிந்து செல்வன. அவற்றின் உட்சுவரில் உள்ள நுண்மயிர்கள் ஓயாது அசைந்து, தூசியையும் சளியையும் மேல்நோக்கித் தள்ளுகின்றன. புகையால் அம்மயிர்கள் அழியும். சளியும் மிகுதியாக ஊறும். வாய்க்காலில் வண்டல் படிந்தால் கடைமடை வயல் காய்கிறதன்றோ? அவ்வாறே சளிக்கு அப்பாலுள்ள நுரையீரற் பகுதி காற்றின்றித் தவிக்கிறது. தேங்கிய சளியில் கிருமி பெருகும், காய்ச்சல் வரும், ஒவ்வொரு காய்ச்சலும் குழாயை மேலும் கெடுக்கும்.

பலமாக இருமினால் சளி வந்துவிடாதா என்று கேட்கலாம். நலிந்த குழாய்கள் பலத்த இருமலில் உட்புறமாக ஒட்டிக்கொள்ளும். சளி உள்ளேயே சிறைப்படும். இருமியவர் களைத்துப் போவதே மிச்சம். இங்கேதான் கருவி துணை செய்கிறது. வெளிவிடும் மூச்சுக்குச் சிறிய தடையொன்றை ஏற்படுத்தினால், குழாய்களுக்குள் அழுத்தம் நிலைத்து அவை விரிந்தபடியே நிற்கும். அண்டை வயலின் வரப்பு வழியே கசிந்த நீர் அடைப்பின் பின்புறம் சேர்வதுபோல், காற்றும் பக்கத்துச் சிறுவழிகளால் சளியின் பின்புறம் சென்று சேர்ந்து, அதனை வாயை நோக்கித் தள்ளும்.

சுவிட்சர்லாந்தில் உருவான ஃப்ளட்டர் என்னும் கருவி, துரைமார் புகைத்த சுங்கானைப் போன்ற தோற்றமுடையது. அதனுள் ஓர் எஃகுக் குண்டு இருக்கும். ஊதும்போது குண்டு எழுந்தும் விழுந்தும், விநாடிக்குப் பல தடவை காற்றை அதிரச் செய்கிறது. அவ்வதிர்வு மார்பினுள் சென்று, குழாயில் ஒட்டிய சளியைப் பெயர்க்கிறது. குண்டு தன் எடையால் இயங்குவதால், கருவியை உரிய சாய்வில் பிடித்தல் வேண்டும். அகபெல்லா என்னும் கருவியில் காந்தம் அவ்வேலையைச் செய்வதால், படுத்தபடியும் ஊதலாம். இவை விலை கொடுத்து வாங்குபவை.

விலையில்லாத கருவி ஒன்றும் உண்டு. சிறுவயதில் பப்பாளி இலைக் காம்பை நீரில் விட்டு ஊதிக் குமிழி எழுப்பி விளையாடாதவர் இங்கே யார்? அவ்விளையாட்டே இன்று மருத்துவமாயிற்று. ஒரு புட்டியில் நீர் ஊற்றி, அதனுள் ஒரு குழாயைச் செருகி, குழாயின் முனை நீர்மட்டத்திற்கு 10 செண்டிமீட்டர் கீழே நிற்குமாறு வைத்து ஊதுவார்கள். அந்த 10 செண்டிமீட்டர் நீரே மூச்சுக்குத் தடை. எழும் குமிழிகளே அதிர்வு. பப்பாளிக் காம்பும் குளிர்பானக் குழலும் இதற்கு உதவா. குழாயின் உள்விட்டம் 8 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் தடை அளவு கடந்துவிடும். புட்டியின் வாயை இறுக அடைத்தலும் கூடாது; காற்று வெளியேற வழி இருக்க வேண்டும். ஊதியபின் குழாயிலிருந்து வாயை எடுத்துவிட்டு, மூக்கினால் மூச்சை உள்ளிழுக்க வேண்டும். மறந்து குழாய் வழியே இழுத்தால் நீர் நெஞ்சுக்குள் போய்விடும்.

நிமிர்ந்து அமர்ந்து, முழங்கைகளை மேசைமீது ஊன்றி, மெல்ல மூச்சிழுத்து, இரண்டு மூன்று விநாடி நிறுத்தி, கன்னம் உப்பாமல் நீளமாக ஊதுக. பத்துப் பன்னிரண்டு முறை ஊதியபின் கருவியைக் கீழே வைத்து, முகக்கண்ணாடியில் ஆவி படியச் செய்வதுபோல், வாயை அகலத் திறந்து 'ஹா' என்று இரண்டொரு முறை மூச்சை விரைந்து வெளிவிடுக. மேலே வந்த சளியை அதன்பின் இலேசாக இருமித் துப்பலாம். சிறிது ஓய்ந்து மீண்டும் தொடங்கவேண்டும். காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம் போதும். மூச்சுக்குழாயை விரிக்கும் உறிஞ்சு மருந்து கொடுக்கப்பட்டிருப்பின், அதனை முன்னதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். நீரை ஒவ்வொரு முறையும் கொட்டி, புட்டியையும் குழாயையும் சோப்பிட்டுக் கழுவி உலர்த்தாவிடில், சளியில் இருந்த கிருமி நீரில் வளர்ந்து மீண்டும் நெஞ்சுக்கே வரும். துப்பும் சளி மூடியுள்ள பாத்திரத்தில் சேர்ந்து கழிப்பறைக்குப் போகட்டும், தெருவிற்கு வேண்டாம். ஒருவர் கருவி ஒருவருக்கே.

மூன்று நிறப் பந்துகள் உள்ள கருவி ஒன்று பல வீடுகளில் உள்ளது. அறுவை மருத்துவத்திற்குப் பின்னோ, 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனா பரவியபோதோ வாங்கியதாக இருக்கும். அதனைக் காட்டி, "எங்களிடம் கருவி இருக்கிறது" என்பார்கள். அது மூச்சை உள்ளிழுத்து நுரையீரலை விரிப்பதற்கானது, சளியைப் பெயர்ப்பதற்கன்று. மண்வெட்டியும் கதிர் அரிவாளும் ஒன்றாகா.

எச்சரிக்கை சிலவும் கூறுதல் என் கடமை. இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடிப்பின் முதல் வேலை, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகச் செய்யப்படும் சளிப் பரிசோதனையே. காசநோய் இருப்பின் அதற்கு மருந்துதான் வேண்டும். ஊதுவதால் அது தீராது. சளியில் இரத்தம் வருவோர், நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்த நோய் கண்டவர்கள், அண்மையில் அறுவை மருத்துவம் செய்துகொண்டோர், காதுக் கோளாறு உடையோர் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் இக்கருவிகளைத் தொடலாகாது. வறட்டிருமல் உடையவருக்கு இதனால் பயன் சிறிதே. புகையால் வந்த நாட்பட்ட அடைப்பு நோயில் கிடைக்கும் நன்மையும் ஓரளவினதே. சளி மிகுதியாக வரும் மூச்சுக்குழாய் விரிவு நோயில்தான் இதன் பயன் தெளிவாகத் தெரிகிறது. உறிஞ்சு மருந்தை நிறுத்திவிட்டுப் புட்டியை மட்டும் நம்பியிருப்பது பெரும் பிழை.

இத்தகைய நோய்க்கு வீட்டிலிருந்தே வைத்தியமா என்று ஐயுறுவோர்க்கு நம் மாநிலத்தின் வரலாறே விடை கூறும். முற்காலத்தில் நெஞ்சு நோயென்றால் ஊரை விட்டு வெளியேற வேண்டும். ஆந்திரப் பக்கம் மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரம், இப்பக்கம் தாம்பரம் என்று இரு பெரும் விடுதிகள் இருந்தன. சென்னையில் 1956ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற காசநோய் மருத்துவ ஆய்வு நிலையத்தார், நோயாளிகளில் ஒரு பகுதியினரை விடுதியிலும், மற்றவர்களை அவரவர் வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தனர். நெருக்கடியான ஏழை வீடுகளில் இருந்தவர்களும் விடுதியில் இருந்தவர்களைப் போலவே குணமாயினர் என்பது 1959இல் வெளியாயிற்று. உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கையே அது மாற்றிற்று. திருத்தணி அப்போது சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1960 ஏப்ரல் 1ஆம் நாள்தான் நம்மோடு இணைந்தது.

வீட்டில் செய்யலாம், ஆனால் கற்பிக்க ஒருவர் வேண்டும். 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் இயன்முறை மருத்துவர் வீடு தேடி வருகிறார். பக்கவாதம் கண்டவருக்கும் முதுகுவலிக்காரருக்கும் அவரை அழைக்க நம் மக்கள் அறிந்துள்ளனர். சளி நோயாளிக்கும் அவர் பயிற்சி கற்பிக்க வல்லவர் என்பது பெரும்பாலோர்க்குத் தெரியாது. உங்கள் ஊரில் மூச்சுத் திணறலோடு வீட்டிலேயே முடங்கியிருப்போர் யாவர் என்பதை நீங்களே அறிவீர்கள். அவர்களின் பெயர்களை ஆரம்ப சுகாதார நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். எல்லையோர ஊர்களில் வீட்டு மொழி தெலுங்காகவே இருக்கும். அங்குள்ள பாட்டியிடம் சளி என்று சொல்வதோடு 'தெமட' என்றும் கூறி விளக்கச் செய்யுங்கள்.

வண்டல் வரும் வழியை அடைக்காமல் வாய்க்காலைத் தூர் வாரிக்கொண்டே இருப்பதில் பயன் என்ன? எரிவாயு அடுப்பு இன்று பெரும்பாலான வீடுகளில் உண்டு. எனினும் அது தேநீருக்கு மட்டும் எரிகிறது. சோற்றுக்கும் வெந்நீருக்கும் விறகே எரிகிறது. உருளையின் விலையை நான் அறியாதவனல்லன். விறகு எரித்துத்தான் ஆகவேண்டுமாயின், அடுப்பைக் கூரைக்கு வெளியே அமையுங்கள். நோயாளியை அதன் அருகே அமர்த்தாதீர்கள். கரும்பு வெட்டியபின் சோகையைக் கொளுத்தாமல் வயலிலேயே பரப்பினால் நிலத்திற்கும் உரம். கல் உடைக்கும் இடங்களில் நீர் தெளிக்கும்படி ஊராட்சியினர் வற்புறுத்தலாம்.

நான் முன்பு கூறிய பெரியவர் இப்போது மலைப்படிகளை ஏறிவிடுகிறார் என்று சொன்னால் அது பொய்யாகும். கெட்ட குழாய்கள் மீளவில்லை. ஆயின், விடியற்காலையில் இருபது நிமிடம் புட்டியில் ஊதிச் சளியை வெளியேற்றியபின், பகற்பொழுதில் நான்கு பேர் நடுவே இருமாமல் அமர முடிகிறது. தாழ்வாரத்துக் கட்டிலை வீட்டிற்குள் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். பேரன் குமிழிகளை எண்ணுகிறானாம்.

இதோ மேசைமீது புட்டியும் குழாயும் அளவுகோலும் உள்ளன. இயன்முறை மருத்துவர் இப்போது செய்து காட்டுவார். முன்வரிசையில் உள்ளவர்கள் சற்று விலகி, பின்னால் நிற்கும் தாய்மார்கள் காணுமாறு இடம் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.