மலைப்பாதை ஜீப்பும் அதன் பானெட்டும்



போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறிப் பூப்பாறைக்கும் தேவிகுளத்துக்கும், கம்பத்திலிருந்து குமுளிக்கும் கம்பமெட்டுக்கும் நாள்தோறும் ஜீப்புகள் செல்கின்றன. ஏலத்தோட்டத்துக்கு வேலையாட்களை ஏற்றிச் செல்பவை அவை. ஏலக்காய் மூட்டைகளைச் சுமந்து வருபவையும் அவையே. 1947ஆம் ஆண்டில் மகிந்திரா நிறுவனத்தார் வில்லிஸ் ஜீப்பை நம் நாட்டில் பூட்டத் தொடங்கினர். அந்த வார்ப்பில் வந்த பழைய ஜீப்புகளும் பிக்கப்புகளும் இன்றும் இடுக்கி மலைகளில் உழைக்கின்றன. கேரளத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இத்தகைய வண்டியே சோறு போடுகிறது. ஆதலின் இவ்வண்டிகளில் அடிக்கடி காணும் ஒரு கோளாற்றைப் பற்றிச் சிறிது பேச விழைகிறோம். அதுவே பானெட்டின் அதிர்வு.

பானெட் ஆடினால் என்ன, வண்டி ஓடுகிறதே என்று சிலர் வாளாவிருப்பர். அது தவறு. இவ்வகை வண்டிகளில் பானெட்டின் கீல்கள் பின்புறம், கண்ணாடிக்கு முன்பாக அமைந்துள்ளன. முன்புறத்தை இரு பக்கக் கொக்கிகளே இறுகப் பிடித்து நிற்கின்றன. அவை நெகிழ்ந்தால் எதிர்க்காற்று தகட்டின் அடியில் புகுந்து அதைத் தூக்கிக் கண்ணாடியின்மேல் அறைந்துவிடும். ஒரு புறம் பாறையும் மறுபுறம் பள்ளமுமான கொண்டையூசி வளைவில் ஓட்டுநருக்கு வழி மறைந்தால், பின்னால் அமர்ந்திருப்போரின் உயிர் என்னாவது?

பாலக்காட்டு வழியில் செல்வோர் மற்றொன்றையும் கருத வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள திறப்பு பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவத்தில் காற்று அதன் வழியே கிழக்கு நோக்கி விசையுடன் பாயும். வாளையாறு கடந்து மேற்கே செல்லும் வண்டிக்கு அது எதிர்க்காற்று. காற்றின் தாக்குதல் வேகத்தின் இருமடிப்படி வளர்வது. 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியை 30 கிலோமீட்டர் வேகக் காற்று எதிர்த்தால், தகட்டின்மேல் விழும் விசை இரண்டரை மடங்காகிவிடும்.

இனி, காரணம் அறியும் வழியைப் பார்ப்போம். அதிர்வு எப்பொழுது தோன்றுகிறது என்பதே முதற்கேள்வி. வண்டி நிற்கையில் இஞ்சினை முடுக்கினாலே ஆடுமாயின், இஞ்சினைத் தாங்கும் ரப்பர்களை நோக்குக. கரடுமுரடான பாதையில் மட்டும் ஆடுமாயின், கீல், கொக்கி, தாங்கு ரப்பர் ஆகியவற்றில் தளர்ச்சி இருக்கும். நல்ல சாலையில் வேகம் கூடும்போது மட்டும் ஆடுமாயின், காற்றையும் சக்கரங்களின் சமனின்மையையும் ஐயுறலாம்.

சீர் செய்வதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் கீல். பானெட்டைச் சிறிது தூக்கிப் பின்முனையை மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் தேய்ந்த ஊசியை மாற்றி, போல்ட்டுகளை முடுக்க வேண்டும். அடுத்து, ரேடியேட்டரின் முன் நிற்கும் கிரில். அது சேசிஸில் உறுதியாக நில்லாவிடில், அதன்மேல் படியும் பானெட் மட்டும் எங்ஙனம் நிற்கும்?

பின்னரே தாங்கு ரப்பர்கள். இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. இரு விரல் அகலச் செய்தித்தாள் துண்டை ஒவ்வொரு ரப்பரின்மேலும் வைத்துப் பானெட்டை மூடிக் கொக்கியிடுங்கள்; பிறகு தாளை இழுங்கள். இறுக்கமாக வந்தால் நன்று; வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் அமுங்கிவிட்டது என்று பொருள். புதிய ரப்பர் இடலாம். அல்லது அடியில் வாசர் வைத்து உயர்த்தலாம். இரு புறமும் சமமாக இருத்தல் வேண்டும். ஒரு புறம் மட்டும் உயர்த்தினால் தகடு முறுக்கிக்கொள்ளும். அளவு மீறி உயர்த்தினால் கொக்கிகள் வருந்தும். ஸ்பிரிங் தளர்ந்த கொக்கியை வளைத்து நிமிர்த்தாமல் மாற்றிவிடுவதே அறிவுடைமை.

இவ்வளவும் செய்தபின் தகட்டின் நடுப்பகுதி மட்டும் உள்வாங்கி வெளித்தள்ளுமாயின், அடியிலுள்ள வலுச்சட்டம் தகட்டைவிட்டுப் பிரிந்திருக்கக்கூடும். விரல் மடித்துத் தட்டினால் பிரிந்த இடம் கலகலக்கும். மலைமழையின் ஈரமும் துருவும் இதற்குத் துணைபோவன. துருவைச் சுரண்டி, இடைவெளிவிட்டுச் சிறு புள்ளிகளாக வெல்டிங் செய்து, ஒவ்வொன்றும் ஆறிய பின்னரே அடுத்ததைத் தொட வேண்டும். ஒரேயடியாகச் சூடேற்றினால் தகடு நெளிந்துவிடும். இந்நாளில் கிடைக்கும் தகடு ஒட்டும் பசையையும் பயன்படுத்தலாம். கனமான இரும்புப் பட்டையைச் சேர்ப்பது கீலுக்குச் சுமையாகும். தார்த்தாள் ஒட்டுவது ஒலியைக் குறைக்குமேயன்றித் தளர்ந்ததை இறுக்காது. கயிற்றால் கட்டி ஓட்டுவது பட்டறை சேரும்வரைக்கே பொருந்தும்.

பட்டறையில் பேசும் மொழியிலும் கவனம் வேண்டும். நாம் கீல் என்பதை மலையாளத்தில் விஜாகிரி என்பர். நமக்கு விறைத்தல் என்றால் அசையாது இறுகி நிற்றல், அவர்களுக்கோ நடுங்குதல். பானெட் விறைப்பாக இருக்க வேண்டும் என்று தமிழர் சொன்னால், மலையாள மெக்கானிக் திகைப்பது இயல்பே! சொல்லால் விளங்காததைக் கையால் அசைத்துக் காட்டுவது நலம்.

மலையேறும் முன் வண்டியைச் சுற்றி வந்து இரு கொக்கிகளையும் கையால் அழுத்திப் பாருங்கள். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. வண்டியில் ஏறுகின்றவர்கள் தங்கள் உயிரை நம் கையில் ஒப்படைத்தே ஏறுகின்றனர். அந்த நம்பிக்கைக்கு நாம் செய்யும் கைம்மாறு அந்த ஒரு நிமிடமே.