பக்கத்துக் கட்டில்காரர்



கல்லூரியில் யாரிடம் படித்தீர்கள் என்று கேட்டால், விரிவுரையாளர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்வோம். விடுதியில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவரைச் சொல்ல மறந்துவிடுவோம். இன்று அவரைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறோம்.

1978ஆம் ஆண்டில் ஒரே தோட்டத்திலிருந்து நாங்கள் இருவர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போனோம். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு, பட்டணத்தில் புகுமுக வகுப்பு ஓராண்டு, பிறகு இடைநிலைப்பள்ளி என்று ஏறி வந்தவர்கள் நாங்கள். விடுதியில் முதல் நாளே, "அப்பா என்ன வேலை செய்கிறார்?" என்று கேட்டார்கள். "தோட்டத்து ஆபீசில் கிராணி" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம். உண்மையில் எங்கள் இரு வீட்டிலும் அப்பாவும் அம்மாவும் பால்வெட்டுத்தான். விடியுமுன்னே பெரட்டுக்கு ஓடியவர்கள் சம்பாதித்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டே அந்தப் பொய்யைச் சொன்னோம்.

எங்கள் பக்கத்துக் கட்டில்காரர் கிளந்தானிலிருந்து வந்த மலாய் நண்பர். அவருடைய ஊர் கோலக்கிராய்ப் பக்கம். கல்லூரித் திடலின் ஓரத்தில் ஒரு கிழட்டு ரப்பர் மரம் நின்றது. ஒரு மாலை, புல் வெட்டும் வேளையில், அவர் கையிலிருந்த கத்தியால் அந்த மரத்தில் விளையாட்டாக ஒரு கோடு இழுத்தார். எங்களுக்கு வாய் நிற்கவில்லை. "ஆழமாய்ப் போகாதே, மரம் காயப்படும்!" என்று கத்திவிட்டோம். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள மெல்லிய படலத்தை உளி தொட்டுவிட்டால் அந்த இடம் முடிச்சு விழுந்துபோகும். மறுபட்டையில் உளி ஒழுங்காக ஓடாது. இது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். கிராணி வீட்டுப் பிள்ளைக்கு இவ்வளவு தெரியுமா?

அவர் எங்களைப் பார்த்தார். ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்கவில்லை. "என் அம்மாவும் வெட்டுகிறார்" என்றார். அவ்வளவுதான். அடுத்த முறை அந்தக் கேள்வி வந்தபோது நாங்கள் உண்மையைச் சொன்னோம்.

ஆண்டு விடுமுறையில் அவர் வீட்டுக்குப் போனோம். சில ஏக்கர் சொந்த ரப்பர். தாயார் வெட்டிய பாலில் அமிலம் கலந்து, தட்டில் உறைய வைத்து, கையால் சுற்றும் உருளையில் தகடாக்கி, கொடியில் உலர்த்தியிருந்தார்கள். கிழக்குக் கரையில் ஆண்டுக் கடைசியில் அடைமழை. பல நாள் வெட்ட முடியாது. வெட்டாத நாளில் காசு கிடையாது. தோட்டத்தில் நமக்காவது சங்கம் பேசி வாங்கிய சம்பளம் என்று ஒன்று இருந்தது. சொந்த நிலம் உள்ளவர்கள் எல்லாரும் வசதியானவர்கள் என்று அதுவரை நினைத்திருந்தோம்.

எங்கள் மலாய்மொழி அப்போது தட்டுத் தடுமாறும். அவர்தான் இரவில் எங்கள் கட்டுரைகளைத் திருத்துவார். பேனாவால் திருத்தமாட்டார், பென்சிலால்தான். காரணம் கேட்டோம். "பிறகு அழித்துவிடலாம். பிறர் பார்க்க வேண்டாமே" என்றார். நாங்கள் ஆசிரியர்களான பிறகு, பின்தங்கிய பிள்ளைகளின் ஏடுகளை முதலில் பென்சிலால்தான் திருத்தினோம். அது எந்தப் பாடநூலிலும் படித்ததன்று.

எதிர்க் கட்டிலில் புதுக்கிராமம் ஒன்றிலிருந்து வந்த சீன நண்பர் இருந்தார். தேநீர் பத்துக் காசு விலை கூடினாலும் குறிப்பேட்டில் எழுதுவார். நாங்கள் சிரிப்போம். தோட்டத்தில் கணக்கு எழுதுவது கடைக்காரர் வேலை. அவர் புத்தகத்தில் உள்ளதைச் சம்பளத்தன்று கொடுப்பது நம் வேலை. இப்படியே வளர்ந்தவர்கள் நாங்கள். ஒரு மாதம் எங்கள் படிப்பணத்தையும் எழுதிப் பாருங்களேன் என்றார். எழுதினோம். புத்தகத்துக்கும் சவர்க்காரத்துக்கும் போனதைவிடச் சினிமாவுக்குப் போனது அதிகம்! அந்தத் தவணை முடிவில்தான் முதன்முதலாக, வீட்டுக்கு எழுதிக் கேட்காமல், சொந்தப் பணத்தில் பஸ் ஏறினோம்.

இவற்றுக்கெல்லாம் நன்றி சொன்னோமா? இல்லை. படிப்பு முடிந்த நாளில் யாருக்கு எந்தப் பள்ளி என்ற பரபரப்பு. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஆளுக்கொரு திசையாகப் பிரிந்தோம். சீன நண்பரின் முகவரி பிறகு கிடைக்கவே இல்லை.

கிளந்தான் நண்பரை 2014இல் கோத்தா பாருவில் தேடிப் பிடித்தோம். முப்பத்தைந்து ஆண்டுக்கும் மேல் நெஞ்சில் வைத்திருந்ததை ஒப்பிப்பதுபோலச் சொன்னோம். ரப்பர் மரம், பென்சில், எல்லாம். அவர் தலையைச் சொறிந்தார்.

"மரமா? எனக்கு நினைவில்லையே. உங்கள் அம்மா தகர டின்னில் முறுக்குக் கொடுத்தனுப்புவார்களே, அதுதான் நினைவிருக்கிறது. அவர்கள் நலமா?"

அம்மா காலமாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை.

வீடு திரும்பியதும் தங்கையிடம் சொன்னோம். அவள் அலமாரியின் மேல்தட்டிலிருந்து அம்மாவின் முறுக்கு அச்சை இறக்கினாள். பிசுக்குப் போகச் சுடுநீரில் கழுவிக்கொண்டே, "அந்த அண்ணனுக்குக் காரம் ஆகுமா?" என்று கேட்டாள்.