மண்பன்றியின் வயிற்றுப்பாடு

 

ஆப்பிரிக்காவில் ஆர்ட்வார்க் என்று ஒரு பிராணி இருக்கின்றது. அங்கு குடியேறிய டச்சுக்காரர் பாஷையில் வந்த இப்பெயருக்கு மண்பன்றி என்பது பொருள். ஆனால் அது பன்றி ஜாதியே அல்ல. பன்றியைவிட யானைதான் அதற்குக் கிட்டின உறவு. பேரைக் கொண்டு பிறப்பை அளந்தால் இப்படித்தான் ஏமாற வேண்டிவரும்.

சஹாராவுக்குத் தெற்கே, புல்வெளியோ புதர்க்காடோ, தோண்டத்தக்க மண் எங்கு உண்டோ அங்கே அது வசிக்கும். பாறை நிலத்தை அண்டாது. பகலெல்லாம் வளையில் தூங்கிவிட்டு, இருட்டியபின் மோப்பம் பிடித்துக்கொண்டு புறப்படும். புற்றை நகத்தால் பிளந்து, சுமார் ஓரடி நீளமுள்ள பிசுபிசுத்த நாக்கை உள்ளே விட்டு, எறும்பையும் கரையானையும் நக்கி எடுக்கும். மண் புகாமல் மூக்கை மூடிக்கொள்ளவும் அதற்குத் தெரியும். அது விட்டுப்போன வளைகளில் முள்ளம்பன்றியும், நிஜமான காட்டுப்பன்றியுங்கூடக் குடியிருக்கின்றன. வாடகை கிடையாது!

பூச்சியைத் தவிர அது விரும்பித் தின்பது மண்ணுக்கடியில் பழுக்கும் ஒருவித வெள்ளரிதான். அவ்விதை பரவி முளைப்பதும் இதன் சாணத்தினாலேயே.

2013-ல் கலஹாரியில் மழை பொய்த்தது. புல் காய்ந்தது; புல்லைத் தின்னும் கரையானும் அற்றுப்போயிற்று. பட்டினியால் உடம்புச் சூடு இறங்கவே, இராப் பிராணியான இது வெயிலுக்காகப் பகலில் வெளிவந்தது. ஆராய்ச்சிக்காரர்கள் கவனித்துவந்த ஆறில் ஐந்து செத்துப்போயின.