உரசும் குரல்கள்

வட்டாரப் பாடல்களைக் கலைக்குழுக்கள் காப்பாற்றுமா என்பதே இந்தக் கருத்தரங்கின் கேள்வி. தலைமையுரை லித்துவேனியாவிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. ஏறக்குறைய வழக்கொழிந்துபோன ஒரு பாட்டு வகை, அங்கே குழுக்களால் மீண்டும் பாடப்படுகிறது.

வடகிழக்கு வட்டாரமான அவுக்ஷ்டைட்டியாவின் ‘சுதார்த்தினேஸ்’ அது. பாடுபவர்கள் பெண்கள். இருவர், மூவர், நால்வர் என ஆட்கணக்கை ஒட்டியே வகைகள் அமைந்தன. மூவர் பாடும் வகையில் ஒருத்தி எடுத்துக்கொடுப்பாள், அவள் பல்லவிக்குப் போனதும் அடுத்தவள் அதே மெட்டை முதலிலிருந்து தொடங்குவாள், பிறகு மூன்றாமவள். எந்த நேரமும் இரண்டு குரல்களே ஒலிக்கும், ஒருத்தி ஓய்ந்திருப்பாள். ஒலிக்கும் இரண்டும் இழைவதில்லை. ஷட்ஜமமும் ரிஷபமும் ஒருசேர ஒலித்தால் எப்படியோ, அப்படி உரசுகின்றன. மேற்கத்திய இசைப் பாடநூல் இதை முரணிசை என்னும். அந்த ஊர்ப் பாட்டிமாரோ, குரல்கள் மணியடிப்பதுபோல மோதினால்தான் பாட்டு என்றார்கள்.

காதுக்கு இதமான புதுப் பாணிச் சேர்ந்திசை பரவியதும் இளம்பெண்கள் இதைக் கற்பதை விட்டார்கள். அடோல்பாஸ் சபல்யாவ்ஸ்கஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் சேகரித்த மெட்டுகள் 1916இல் ஹெல்சிங்கியில் அச்சேறின. 1958–59இல் ஜெனோனாஸ் ஸ்லாவியூனஸ் 1,800க்கும் மேற்பட்ட பாடல்களை மூன்று தொகுதிகளாகப் பதிப்பித்தார். நூலகத்தில் பாட்டு பத்திரமாக இருந்தது; ஊரில் பாடுவோர்தான் அருகிப்போனார்கள்.

மேடையில் நடந்தது வேறு கதை. 1940இல் யோனாஸ் ஷ்வேதஸ் உருவாக்கிய அரசுக் குழுவான ‘லியெதுவா’, நாட்டார் பாடல்களைப் பெரிய பாடகர் குழுவுக்கும் திருத்தியமைத்த இசைக்கருவிகளுக்கும் ஏற்ப மாற்றியது. சோவியத் ஆண்டுகளிலும் அந்தப் பாடல்கள் மக்கள் காதில் விழுந்துகொண்டிருந்ததில் அதற்குப் பங்குண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் ட்சூக்கியா வட்டாரத்தின் தனிக்குரல் பாட்டும், ஜெமைட்டியா வட்டாரத்தின் இழுத்து நீட்டும் பாட்டும் அந்த மெருகில் ஒரே முகம் பெற்றன. வட்டாரம் உடையில் மட்டும் தெரிந்தது.

1960களின் பிற்பகுதியில் எதிர்க்காற்று வீசியது. வில்னியுஸ் பல்கலைக்கழகத்தின் ‘ராதிலியோ’ குழு 1968இல் பிறந்தது. இளைஞர்கள் கிராமங்களுக்குப் போய், முதியவர்களிடம் வட்டார உச்சரிப்போடு பாட்டுக் கற்றார்கள். 1980களில் இசையியலாளர் டைவா ராச்சியூனைட்டே-விச்சினியேனேயின் ‘ட்ரிஸ் கேதுரியோஸே’ பெண்கள் குழு சுதார்த்தினேஸையே தன் பணியாக எடுத்துக்கொண்டது. 2010இல் யுனெஸ்கோ மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இந்தப் பாடல்வகையைச் சேர்த்தது.

பட்டியலை விட முக்கியமானது பாடுவோர் நிற்கும் விதம். சுதார்த்தினேஸ் பாடுவோர் ஒருவரையொருவர் பார்த்து நிற்பார்கள். வட்டமாக நின்றால் பார்வையாளருக்கு முதுகுதான். திருவிழா அமைப்பாளர்களுக்கு இது சங்கடம்! வட்டத்தைப் பிரித்து வரிசையாக்கி, மூவருக்குப் பதில் முப்பது பேரை ஏற்றினால் கைதட்டல் கூடும். எந்தக் குரல் எதனோடு மோதுகிறது என்பது கேட்காது. அந்த மோதலை விட்டுக்கொடுக்கும் குழு வேறொரு பாட்டைத்தான் காப்பாற்றுகிறது.

இன்றைய அமர்வுகளில் கட்டுரை வாசிப்போர், தாம் ஆய்ந்த குழு யாரிடம் பாட்டுக் கற்றது, மேடைக்காக எதை மாற்றியது என்ற இரண்டையும் தவறாமல் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, முதல் அமர்வைத் தொடங்கிவைக்கிறது இந்த உரை.