நண்டு, நரி, வண்டி, தேர்

(கம்பம் பள்ளத்தாக்கு உழவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பயிர் இடைவெளியை நம் முன்னோர்கள் ஒரு சொலவடையில் முடிந்து வைத்தார்கள். நெல்லுக்கு நண்டோட வேண்டும், வாழைக்கு வண்டி, தென்னைக்குத் தேர். இம்மூன்றும் பெரும்பாலும் மாறுவதில்லை. கரும்பில்தான் பேச்சு பிரிகிறது. சிலர் நரியோட என்பார்கள், சிலர் ஏரோட என்பார்கள். எது சரி என்று போன கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார்.

இரண்டும் சரிதான். நரி நுழைய 3 அடி தாராளம். பாருக்குப் பார் 90 செ.மீ. என்பதும் அதுவே. ஏர் என்றால் இடையுழவு செய்து மண் அணைக்கும் அகலம். இன்று மாட்டு ஏரின் இடத்துக்குப் பவர் டில்லர் வந்துவிட்டது. அதை ஓட்டுவோரும், ஒரு பருக் கரணை நாற்று நடுவோரும் 5 அடி விட வேண்டும். ஆகவே கையால் மண் அணைப்பவர் நரியையும், இயந்திரம் விடுபவர் ஏரையும் பிடித்துக்கொள்ளலாம்.

பெரியாற்றுத் தண்ணீரில் நெல் நடும் உங்களுக்கு நண்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குறுகிய கால ரகத்துக்கு 20க்கு 10 செ.மீ., மத்திய கால ரகத்துக்கு 20க்கு 15, திருந்திய நெல் சாகுபடியில் 25க்கு 25. (அதே நண்டு வரப்பைத் துளைப்பது வேறு வழக்கு!) வாழைக்கு 6 அடி.

கவலை தென்னையில்தான். சின்னமனூர்ப் பக்கம் ஒரு தோப்பைப் பார்த்தேன். 18 அடிக்கு ஒன்றாக ஏக்கருக்கு 134 மரம். மட்டைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. மரங்கள் வெளிச்சம் தேடி ஒல்லியாக உயர்ந்திருந்தன, காய்ப்பு சொற்பம். "தேரோடணும்னு எங்கய்யாவும் சொல்வாருங்க. நான் எங்க ஊர்ச் சப்பரத்தை நெனச்சு நட்டுப்புட்டேன்" என்றார் தோப்புக்காரர். அவர் சொல்லை மறக்கவில்லை, அளவுதான் நழுவிவிட்டது. வீரபாண்டித் திருவிழாத் தேரை நினைத்திருந்தால் பிழைத்திருப்பார். நெல்லில் தவறினால் அடுத்த போகத்தில் திருத்தலாம். தென்னை 60 ஆண்டு நிற்கும். பாதி மரத்தை வெட்டுங்கள் என்று சொல்ல எனக்கும் நா எழவில்லை. காய்க்காத மரங்களை முதலில் கழிக்கச் சொன்னேன்.

தேருக்கு 25 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏக்கருக்கு 70 மரம் வரும். வரும் ஆனி, ஆடியில் நடுவோர், 25 அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றை இழுத்து, முளைக்குச்சி அடித்துவிட்டு, அதன் பிறகு 3 அடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுங்கள். வரப்பில் ஒற்றை வரிசையாக நடுவதானால் மட்டும் 20 அடி போதும். அங்கே சப்பரம் ஓடினாலும் பரவாயில்லை.